வேறு வேலையிலிருந்து வெப் டெவலப்பர் ஆக: படிப்படியாக ஒரு வழிகாட்டி

நான் 2007 முதல் 2013 வரை சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், தினசரி காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் பிளேட்டுக்குப் போகும். 2014-இல் சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் வெப் டெவலப்பராக, அதாவது இணையதளம் கட்டுபவனாகச் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். லேத் பட்டறை, கணக்கு எழுதும் வேலை, கால் சென்டர், பள்ளிக்கூடம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கோர்ஸில் சேரலாம்?" என்பதுதான். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது, "முதல் பக்கத்தை யாருக்காகச் செய்யப் போகிறாய்?"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான். வயது 25 ஆனாலும் 35 ஆனாலும் இதே வரிசையில் போகலாம்.

முதல் படி: தெரிந்த தொழிலில் ஒரு சிக்கலைப் பிடியுங்கள்

சிவகாசியில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அந்தக் கனத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மறுநாள் கடைக்காரர் போன் போட்டு, "அந்த முருகன் படம் போட்டது எந்த நம்பர்?" என்று கேட்பார். அதற்குள் ஆல்பம் வேறு ஊரில் இருக்கும். எனக்குப் பழக்கமான ஓர் ஏஜெண்ட் அண்ணாச்சி இந்தத் தொல்லையைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். டிசைன் நம்பர், அளவு, விலை, படம் நான்கையும் போனில் பார்க்கும்படி ஒரு தளம் செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்தத் தளத்தில் தெரிந்த ஒவ்வொரு குறையும் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது.

கோர்ஸ்களில் ‘செய்ய வேண்டிய வேலைகள் பட்டியல்’ ஒன்றைச் செய்யச் சொல்லுவார்கள். கை பழக அது உதவும். ஆனால் அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், யாரும் போன் போட்டு "படம் வரவே மாட்டேங்குதே" என்று சொல்லவும் மாட்டார்கள். அப்படி ஒருவர் சொல்லும்போதுதான் இந்தத் தொழில் தொடங்குகிறது. நீங்கள் லேத் பட்டறையில் இருந்தால், எந்த ஆர்டர் எந்த மிஷினில் இருக்கிறது என்று காட்டும் பக்கம். டியூஷன் எடுப்பவர் என்றால், வருகையும் கட்டணமும். பழைய தொழிலை ஒதுக்கிவிட்டு வர வேண்டியதில்லை. மருந்துக் கடையில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் ஏன் முக்கியம் என்று தெரிந்த புதியவரை எந்தக் கல்லூரி வளாகத் தேர்விலும் எடுக்க முடியாது.

இரண்டாம் படி: கையில் என்ன வேண்டும்

8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி. வட்டும் உள்ள ஒரு லேப்டாப் போதும். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. பேட்டரியை மட்டும் நன்றாகப் பாருங்கள். நிரல் எழுத வி.எஸ். கோட் மென்பொருள், பக்கத்தைப் பார்க்க குரோமும் ஃபயர்பாக்ஸும், எதற்கும் காசு இல்லை. உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பழகினால் பிற்பாடு சர்வரில் (தளங்களை வைத்து நடத்தும் கம்ப்யூட்டரில்) வேலை செய்யும்போது கை நடுங்காது.

படிப்பதற்கு மொசில்லாவின் எம்.டி.என். என்ற வெப் கையேட்டுத் தளம்தான் கடைசிவரை துணை. ஃப்ரீகோட்கேம்ப் 2014 முதல் இலவசமாகப் பயிற்சி தருகிறது. தமிழில் வேண்டுமென்றால் கணியம் இந்தத் துறையில் எளிய தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது; மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலிலும் தமிழ் ஒலியோடு பாடங்கள் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்து முடியுங்கள். நான்கைத் தொடங்கி நான்கையும் பாதியில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நூறு சதவீத வேலைவாய்ப்பு உறுதி" என்று சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் நான் 35,000 ரூபாய் கட்டினேன். என் மனைவியின் வளையலை அடகு வைத்த பணம் அது. மூன்று மாதம் பாடம் நடந்தது. அதற்கப்புறம் ஓர் இன்டர்வியூவுக்குக்கூட அனுப்பவில்லை. மையத்தில் சேருவதே தவறு என்று சொல்ல மாட்டேன், தட்டிக் கேட்க ஆள் இருந்தால்தான் சிலருக்குப் படிப்பு ஏறும். ஆனால் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். முந்தைய பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் எந்த இடத்திலும் காலெடுத்து வைக்காதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கும் இதே பதில்தான்.

இப்போதைய வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இல்லாவிட்டால் வேண்டாம். நான் ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்து பதினொன்றரைக்கு எழுந்திருப்பேன். காலண்டர் சீசனில் அதுவும் கிடையாது. மொத்தம் 14 மாதம் ஆனது.

மூன்றாம் படி: அளவில்லாத தாளில் பக்கம் கட்டுவது

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறியிடும் எச்.டி.எம்.எல்., அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். இரண்டையும் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு ஓடுகிறவர்கள் அதிகம். நான் இங்கே மூன்று மாதம் நின்றேன். அந்த மூன்று மாதத்துக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

அச்சகத்தில் தாளின் அளவு தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்கும். கிரவுன், டெமி, ஏ-4 என்று ஏதோ ஓர் அளவு. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓர் எழுத்தை ஓரிடத்தில் வைத்தால் அது அங்கேயே இருக்கும். வெப்பில் தாளே கிடையாது. அண்ணாச்சியின் போன் 360 பிக்சல் அகலம், அவர் மகனின் மானிட்டர் 1920. முதல் மாதம் முழுக்க நான் எல்லாவற்றையும் பிக்சல் கணக்கில் ஆணியடித்து வைத்தேன். என் திரையில் அழகாக இருந்தது, அவர் போனில் பாதி விலை வெளியே போய்விட்டது. அப்புறம்தான் புரிந்தது: பெட்டிக்கு அளவு சொல்லக் கூடாது, பெட்டிகள் எப்படி இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதியைச் சொல்ல வேண்டும். சி.எஸ்.எஸ்.ஸில் ஃப்ளெக்ஸும், 2017-இல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து சேர்ந்த கிரிட்டும் இதற்காகவே உள்ளவை. முதலில் சின்னத் திரைக்கு எழுதுங்கள், பெரிய திரைக்கு அப்புறம் விரியுங்கள். மாறிச் செய்தால் இரட்டை வேலை.

எஃப்-12 சாவியை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் கருவிகளை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். எந்தப் பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது, எந்த விதி எதை மீறியது, எந்தப் படம் எத்தனை நொடியில் வந்தது என்று எல்லாம் அங்கே தெரியும். நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அச்சகத்துக் கைப்பழக்கத்தில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். ஒரு படம் 4 எம்.பி. கிராமத்துக் கடையில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சேமித்ததும் ஒரு படம் 150 கே.பி.க்குள் வந்தது. அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் இருக்கும் படங்களைத் திரைக்கான ஆர்.ஜி.பி.க்கு மாற்றவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நிறம் வேறாகத் தெரியக்கூடும்.

தலைப்பைத் தலைப்பாகவும், பட்டனைப் பட்டனாகவும், பட்டியலைப் பட்டியலாகவும் குறியிடுங்கள். கண் தெரியாதவர்கள் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்கும்போது அந்தக் குறிகள்தான் வழி காட்டும். படத்துக்கு மாற்று உரை எழுதுவது பத்து நொடி வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் படி: தமிழைத் தமிழாகக் கையாளுவது

இது எந்தக் கோர்ஸிலும் வராது. நம் ஊர் வாடிக்கையாளருக்கு வேலை செய்தால் முதல் வாரமே வரும்.

முதல் சிக்கல் எழுத்துரு. அச்சகம் கொடுக்கும் தமிழ் வாசகம் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்கென்று தனியாக 128 இடங்கள் உண்டு. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு, ஸ்ரீ, ஒற்று மூன்றையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பக்கத்தை யூ.டி.எஃப்.-8 (யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) ஆகச் சேமியுங்கள், மொழி தமிழ் என்று தொடக்கக் குறியிலேயே அறிவியுங்கள்.

இரண்டாவது, எழுத்து எண்ணிக்கை. ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் காண்பது மூன்று எழுத்து. பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ‘முத்துலட்சுமி’ நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. பெயர்க் கட்டத்துக்கு உச்ச வரம்பு பத்து என்று வைத்தால் முத்துலட்சுமி அக்காவால் பெயரை முழுதாக எழுத முடியாது. ஜாவாஸ்கிரிப்டோடு வரும் இன்ட்ல் தொகுப்பில் உள்ள செக்மென்டர் நாம் எண்ணுவது போலவே எண்ணித் தரும்.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோட் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற வரும். அப்படியே வரிசைப்படுத்தினால் ப-வுக்குப் பின்னால் வர வேண்டிய ன அதற்கு முன்னால் வந்து நிற்கும். தமிழ் வரிசை வேண்டும் என்று ஒப்பிடும் இடத்தில் மொழியைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். ஒரு வரி வேலை.

இனிஷியலை மறக்காதீர்கள். வெளியூர்ப் படிவங்களைப் பார்த்து நகலெடுத்தால் ‘ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்’ இரண்டும் கட்டாயம் என்று வைப்போம். நம் ஆட்கள் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஒரே பெயர்க் கட்டம் வையுங்கள், ஓர் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால் சின்னத் திரையில் வெளியே பிதுங்கும். ‘அனுப்பு’ என்றால் எல்லாருக்கும் புரியும், இடத்திலும் அடங்கும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள், கொக்கியும் சுழியும் மேல்வரியோடு மோதாமல் இருக்கும்.

ஐந்தாம் படி: ஜாவாஸ்கிரிப்ட், கிட்

நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதனால் சில இடங்களில் வினோதமாக நடந்துகொள்ளும், பயப்பட வேண்டாம். மாறி, நிபந்தனை, சுழற்சி, ஃபங்ஷன், அர்ரே, ஆப்ஜெக்ட், இவ்வளவும் தெரிந்ததும் நான் செய்தது "விலை 30 ரூபாய்க்குள் உள்ள காலண்டர் மட்டும் காட்டு" என்ற ஒரு வடிகட்டி. அதற்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் பக்கத்தின் பகுதிகளைத் தேடிப் பிடிப்பது, சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது, பட்டியலை வடிகட்டுவது எல்லாம் கைக்கு வந்தன. அடுத்ததாக, சர்வரிடம் தகவல் கேட்டுக் காத்திருந்து வாங்க உதவும் ஃபெட்ச், பிராமிஸ், அசிங்க் அவெயிட். திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை இதற்குப் பிறகு தொடுங்கள். முதலிலேயே ரியாக்டைத் தொட்டவர்கள், பிழை வந்தால் அது மொழியின் பிழையா ரியாக்டின் பிழையா என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

‘பத்திரிகை-ஃபைனல்’, ‘பத்திரிகை-ஃபைனல்-2’, ‘பத்திரிகை-புது-ஃபைனல்’ என்று கோப்பு வைத்திருந்த யாருக்கும் கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அதன் மையமான கெர்னலின் வேலைக்காக எழுதியது. ஆட், கமிட், புஷ், புல், பிராஞ்ச், மெர்ஜ் என்ற ஆறு கட்டளைகளில் தினசரி வேலை முடியும். கமிட் செய்யும்போது எழுதும் குறிப்பில் ‘மாற்றம்’ என்று எழுதாமல் ‘விலை இல்லாத டிசைனில் பக்கம் நின்றுபோனது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிப் பழகுங்கள். நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் வேலையைப் பார்க்க வருகிறவர் முதலில் இதைத்தான் படிப்பார்.

ஆறாம் படி: சர்வர், டேட்டாபேஸ்

பிரவுசர் கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது; இந்தப் பேச்சின் விதிதான் எச்.டி.டி.பி. 200 என்றால் சரி, 301 என்றால் வீடு மாறிவிட்டது, 403 என்றால் அனுமதி இல்லை, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் சர்வர் பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது. இந்த உரையாடலைப் புரிந்துகொண்டால் எந்த மொழியிலும் சர்வர் பக்க வேலை செய்யலாம். சர்வரில் எழுத பி.எச்.பி.யா நோடா என்ற சண்டையில் நேரம் போக்காதீர்கள். நம் ஊர்ச் சின்னக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேலை செய்யும் நிறுவனங்களில் பி.எச்.பி.யும், அதில் எழுதிய தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸும் நிறைய உண்டு. புதிதாகச் செயலி கட்டும் கம்பெனிகளில் நோடும் ரியாக்டும் கேட்பார்கள். உங்கள் ஊரில் வரும் வேலை அறிவிப்புகளை ஒரு மாதம் சேகரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்.க்யூ.எல்.லை மட்டும் ஆழமாகப் படியுங்கள். என் வாழ்க்கையில் மிக மோசமான நாள் அதில்தான் வந்தது. 2016-இல் ஒரு வாடிக்கையாளரின் ஆன்லைன் கடையில் ஓர் ஆர்டரின் முகவரியை மாற்றச் சொன்னார்கள். நேரடித் தளத்தின் டேட்டாபேஸில் அப்டேட் கட்டளையைப் போட்டேன், எந்த ஆர்டர் என்று சொல்லும் நிபந்தனையை எழுத மறந்துவிட்டேன். ஒரே நொடியில் கடையில் இருந்த அத்தனை ஆர்டருக்கும் அந்த ஒரே முகவரி. ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த பேக்கப் இருந்தது. காலையிலிருந்து வந்த ஆர்டர்களை உறுதி மின்னஞ்சல்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தோம். டீம் லீட் அக்கா ஒரு வார்த்தை திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை கூடவே தட்டினார். அன்றிலிருந்து நான் விடாமல் செய்வது: அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் போட்டு எத்தனை வரிசை வருகிறது என்று பார்ப்பேன்; டிரான்சாக்‌ஷன் தொடங்கிவிட்டு (கமிட் சொல்லும்வரை மாற்றத்தைத் திரும்பப் பெறலாம்) அப்டேட் போடுவேன்; மாறிய வரிசைகளின் எண்ணிக்கை சரியென்றால் மட்டும் கமிட். பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை மீட்டும் பார்ப்பேன்.

ஏழாம் படி: இணையத்தில் ஏற்றுங்கள்

நிலையான (சர்வர் பக்க நிரல் தேவையில்லாத) பக்கங்களை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டும் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் வழியாக இலவசம். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள்.

டொமைனை வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய பணத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வது அவர் கடைப் பெயர்ப் பலகையை உங்கள் வீட்டில் வைத்திருப்பது மாதிரி. நாளை நீங்கள் வெளிநாடு போகலாம், சண்டை வரலாம். கடைக்காரர் என்ன செய்வார்?

எட்டாம் படி: வேலை தேடுவது

ரெஸ்யூமே ஒரு பக்கம். பழைய வேலையை மறைக்காதீர்கள். "ஆறு ஆண்டு அச்சகத்தில், தினமும் இருபது வாடிக்கையாளரிடம் ப்ரூஃப் காட்டித் திருத்தம் வாங்கியவன்" என்ற வரிதான் என்னை இன்டர்வியூ செய்தவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. கூடவே, திறந்து பார்க்கும்படியான ஒரு தளம், அதன் கிட்ஹப் இணைப்பு.

இன்டர்வியூவில் கேட்பவை பெரும்பாலும் தெரிந்தவைதான். ஜாவாஸ்கிரிப்டில் லெட், கான்ஸ்ட், வார் வித்தியாசம், க்ளோஷர், எஸ்.க்யூ.எல்.லில் ஜாயின், குக்கீ என்றால் என்ன. கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டும் மெஷின் டெஸ்டில், நிரல்கள் தகவல் பரிமாறும் வழியான ஒரு ஏ.பி.ஐ.யிலிருந்து பட்டியலை எடுத்து அட்டவணையாகக் காட்டி, தேடும் வசதியும் பக்கம் பிரிப்பதும் செய்யச் சொல்லுவார்கள். இதை வீட்டில் நேரம் வைத்து ஐந்து முறை செய்துவிட்டுப் போங்கள். ஆங்கிலம் பயமாக இருந்தால், உங்கள் தளத்தை மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குவதை மட்டும் மனப்பாடமாகாத அளவுக்குப் பேசிப் பழகுங்கள். நடுவில் தமிழ் கலந்தாலும் சென்னையிலும் கோவையிலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சம்பளம் பேசும்போது சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வேறு, கைக்கு வருவது வேறு. ஆண்டுக்கு 3,60,000 சி.டி.சி. என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால் உங்கள் பி.எஃப். 1,800, கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஏறத்தாழ 720. இவை மூன்றும் பெரும்பாலும் அந்த 30,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். இன்சூரன்ஸும் தொழில் வரியும் போக 25,000 சொச்சம் கையில் வரும். ‘வேரியபிள்’ என்று, அதாவது வேலையைப் பொறுத்துப் பிறகு தரும் பகுதி என்று, தனியாக எழுதியிருந்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா, பாண்ட் (இத்தனை காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியாக ஃப்ரீலான்ஸ் செய்வது முதல் ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நிரலைப் படித்துத் தப்பு சொல்ல ஒரு சீனியர் இல்லாமல் வளருவது மிகக் கடினம். செய்தே ஆக வேண்டும் என்றால் பாதிப் பணம் முன்பணம், எத்தனை முறை திருத்தம் என்று எழுத்தில் ஒப்பந்தம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஓர் ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: வேலையில் முதல் ஆண்டு

எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். வேறு யாரோ நான்கு ஆண்டுக்கு முன் எழுதிய நிரலைத் திறந்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தேடுவதில் பாதி நாள் போகும். காலையில் ஸ்டாண்டப் என்ற சின்னக் கூட்டத்தில், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன, எங்கே மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கப்பட்டு மூன்று நாள் மௌனமாக இருந்ததுதான் நான் அந்த ஆண்டில் செய்த பெரிய தவறு. அரைமணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, என்னென்ன முயன்றீர்கள் மூன்றையும் சொல்லுங்கள்.

நம் நிரலைச் சக ஊழியர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் சிவப்பாகக் குறிப்பு வந்தால் மனசு சுருங்கும். அச்சகத்தில் ப்ரூஃபில் திருத்தம் போட்டால் நாம் கோபப்பட்டதில்லையே, பிளேட் போகும் முன் தெரிந்ததே நல்லது என்றுதானே நினைத்தோம். இதுவும் ப்ரூஃப்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரடித் தளத்தில் எதையும் ஏற்றாதீர்கள்.

ஏ.ஐ. கருவிகள் இன்று எல்லா ஆபீஸிலும் வந்துவிட்டன. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். புதியவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நீங்கள் எழுதிப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். அது தரும் கோடில் விளக்கத் தெரியாத வரி ஒன்று இருந்தாலும் ஏற்றாதீர்கள். வாடிக்கையாளரின் தகவலையும் பாஸ்வேர்டையும் அதற்குள் ஒட்டாதீர்கள். ஒரு படிவம் எழுதச் சொன்னால் ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’ என்று எழுதிக் கொடுத்துவிடும். முத்துலட்சுமி அக்காவை அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கருவிகள் மாறும்போது

நான் வேலையில் சேர்ந்தபோது தளம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு. 2010-இல் கூகுள் வெளியிட்டது. இரண்டு ஆண்டு அதில் உழைத்தேன். 2016-இல் ஆங்குலர் 2 வந்தது, பழையதோடு ஒட்டவில்லை. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 கடைசியோடு முடிந்தது. அதற்குள் 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் பரவியிருந்தது. பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் காட்டிய ஃபிளாஷில் தேர்ந்தவர்களுக்கு இதைவிடக் கஷ்டம்: 2020 டிசம்பர் 31-உடன் அந்தத் தொழிலே மூடப்பட்டது. அவர்களில் அனிமேஷன் தெரிந்தவர்கள் விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் நகர்ந்தார்கள், நிரல் தெரிந்தவர்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தார்கள்.

வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் செய்த முதல் வலைத்தளத்தை இன்றைய பிரவுசரிலும் திறந்து படிக்கலாம். எச்.டி.எம்.எல்., எச்.டி.டி.பி., எஸ்.க்யூ.எல். மூன்றிலும் நீங்கள் போடும் உழைப்பு அவ்வளவு காலம் நிற்கும். அதனால் படிக்கும் நேரத்தில் பெரும்பங்கை அவற்றுக்குக் கொடுங்கள். புது ஃபிரேம்வொர்க்கை, வேலையில் தேவைப்படும்போது ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

கம்பெனி மாறுவது, வேலையே மாறுவது

சர்வீஸ் கம்பெனியில் பல வாடிக்கையாளர், பல விதமான கோட். புராடக்ட் கம்பெனியில் ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் செதுக்குவது. முதல் இரண்டு ஆண்டு சர்வீஸில் இருப்பது கைக்கு நல்லது என்று நினைக்கிறேன். மாறும்போது புது ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா. ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றையும் கடைசி நாளிலேயே வாங்குங்கள். பி.எஃப்.பில் யு.ஏ.என். என்ற உங்கள் நிரந்தர எண் ஒன்றேதான், புதுக் கம்பெனியில் அதையே கொடுத்துப் பழைய தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடியும் முன் எடுத்தால் வரி உண்டு.

ஐந்தாறு ஆண்டு கழித்து, நாள் முழுக்க கோட் எழுதுவது பிடிக்கவில்லை என்று தோன்றலாம். அது தோல்வி இல்லை. சர்வர் பக்கம் பிடித்தவர்கள், தளங்களை ஏற்றி ஓடவைக்கும் டெவ்ஆப்ஸுக்குப் போகிறார்கள். பிழை கண்டுபிடிப்பதில் கண் கூர்மையானவர்கள் டெஸ்டிங்கில் ஆட்டோமேஷன் எழுதுகிறார்கள். வாடிக்கையாளரோடு பேசுவதில் சந்தோஷம் காண்கிறவர்கள், என்ன செய்ய வேண்டும் என்று திட்டமிடும் புராடக்ட் பக்கம். என்னோடு சேர்ந்த ஒரு தம்பி, முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர், இப்போது ஏ.பி.ஐ.களுக்கு ஆவணம் எழுதுகிறார். புரியாத விஷயத்தை எட்டாம் வகுப்புக்குச் சொல்வது போலச் சொல்லிப் பழகியவர். எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அவர் எழுதியதைத்தான் படிக்கக் கொடுக்கிறோம்.